முன்பாரம், பின்பாரம்: பழைய தோட்ட டிராக்டரை இழுவைப் போட்டிக்குத் தயார் செய்வது

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றிப் பழகியவருக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும், முன்பாரம் கூடினால் சுமை கழுத்தில் உட்கார்ந்துவிடும், இரண்டும் சரியாக அமைந்தால் அதே மாடு அதே மூட்டையை லேசாக இழுத்துக்கொண்டு போகும். இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் போதும், அமெரிக்காவின் தோட்ட டிராக்டர் இழுவைப் போட்டியில் பாதி உங்களுக்குப் புரிந்துவிடும். மீதிப் பாதி டயர், கிளட்ச், அப்புறம் கொஞ்சம் பொறுமை. எஞ்சின் கடைசியில்தான் வருகிறது, ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் போட்டி என்னவென்று பார்ப்போம். மண்ணை இறுக்கிச் சமன்படுத்திய நேரான தடம். டிராக்டரின் பின்னால் ஸ்லெட் என்ற சறுக்கு வண்டியைச் சங்கிலியால் மாட்டுவார்கள். எவ்வளவு தூரம் இழுக்கிறீர்கள் என்பதுதான் மதிப்பெண், நேரம் கணக்கில்லை. தடத்தின் கடைசிக் கோடு வரை இழுத்துவிட்டால் அது ‘ஃபுல் புல்’, முழு இழுவை. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் முழு இழுவை எடுத்தால் ஸ்லெட்டில் சுமையைக் கூட்டி அவர்களை மட்டும் மறுபடி இழுக்கச் சொல்வார்கள்.

டிராக்டர் வருவதற்கு முன்னால் குதிரைகளை வைத்து விவசாயிகள் இப்படிப் பந்தயம் கட்டினார்கள். டிராக்டர் போட்டிகள் 1929-இல் தொடங்கியதாகப் பொதுவாகச் சொல்வார்கள். ஒஹையோ மாநிலத்தின் போலிங் கிரீன் ஊரில் 1967 முதல் பெரிய டிராக்டர்களுக்கான தேசியப் போட்டி நடக்கிறது. ஆரம்பத்தில் எடை மாறாத பலகையை இழுத்தார்கள், பிறகு தடத்தின் ஓரமாக ஆட்களை நிறுத்தி வைத்து, பலகை கடக்கக் கடக்க ஒவ்வொருவராக அதன் மேல் ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். ஓடும் பலகை மேல் ஆள் ஏறுவது ஆபத்தான வேலை. அதற்கு மாற்றாக வந்ததுதான் இப்போதைய எடை நகரும் ஸ்லெட். புறப்படும்போது எடைப்பெட்டி ஸ்லெட்டின் பின்சக்கரங்களுக்கு மேல் இருக்கும், அதனால் ஸ்லெட் லேசாக உருளும். அந்தச் சக்கரங்கள் சுற்றச் சுற்ற அவற்றோடு இணைத்த சங்கிலி எடைப்பெட்டியை முன்னோக்கி இழுக்கும். பாரம் சக்கரத்திலிருந்து மாறி முன்னால் தரையில் தேய்கிற இரும்புத் தட்டின் மேல் இறங்கும். சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் போகப்போக ஸ்லெட் கனமாகிக்கொண்டே போகிறது, எங்கேயோ ஓரிடத்தில் உங்கள் டிராக்டர் நிற்கத்தான் செய்யும்.

தோட்ட டிராக்டர் என்பது வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் புல் வெட்ட, பனி தள்ள, சின்ன ஏர் பூட்டி உழ என்று செய்த சிறிய வண்டி. இதற்கு ஏன் பழைய வண்டியைத் தேடுகிறார்கள்? இன்றைக்குக் கடையில் கிடைக்கிற புல்வெட்டும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் மெல்லிய தகட்டுச் சட்டம், லேசான கியர்பாக்ஸ், பெல்ட் இழுவைதான். ஸ்லெட்டில் மாட்டினால் தாங்காது. 1960-களிலும் 70-களிலும் வந்தவை வேறு மாதிரி. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் செய்து, 1961 மாடலாக 7 குதிரைத்திறன் கோலர் எஞ்சினோடு முதல் கப் கேடட்டை விற்பனைக்கு விட்டது. 1981-இல் அந்தப் பெயரை எம்டிடி நிறுவனம் வாங்கும்வரை எத்தனையோ மாடல்கள் வந்தன. 102, 122 போன்றவற்றில் எஞ்சினிலிருந்து கிளட்ச், நீளமான தண்டு, வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் மூன்று வேக கியர்பாக்ஸ் என்று எல்லாம் நேர்கோட்டில் இருக்கும், ஓட்டத்துக்கு நடுவில் பெல்ட்டே கிடையாது. ஜான் டீர் 110, வீல் ஹார்ஸ், போலன்ஸ் எல்லாவற்றுக்கும் அவரவர் ரசிகர்கள் உண்டு, நன்றாகவும் இழுக்கின்றன. எனக்குப் பழக்கமானது கப் கேடட் 122 என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: 123, 125 போன்ற மாடல்களில் கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோஸ்டேட் இருக்கும். புல் வெட்ட அது சுகம்தான், ஆனால் இழுவைக்கு முதல் வண்டி வாங்குகிறவர் கியர் வண்டியாகப் பார்த்து வாங்குவது நல்லது.

வண்டி வாங்கியதும் பெரும்பாலானோர் நேரே எஞ்சினைக் கழற்றுவார்கள். ஆனால் 122-இல் உள்ள கோலர் கே301 எஞ்சின் 12 குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் என்பது நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை. 600 பவுண்டு இழுவிசையை 12 குதிரைத்திறனில் எவ்வளவு வேகத்தில் கொடுக்கலாம்? 12 × 33,000 ÷ 600 = நிமிடத்துக்கு 660 அடி, மணிக்கு ஏழரை மைல். கியரிலும் டயரிலும் வீணாவதைக் கழித்தாலும் கீழ் கியர்களின் நடை வேகத்துக்கு அந்தச் சக்தி தாராளம். அப்படியானால் வண்டி ஏன் நிற்கிறது? எஞ்சின் அணைந்து நிற்பதைவிட, டயர் மண்ணைத் தோண்டி நிற்பதும் முன்சக்கரம் தூக்கி நிற்பதும்தான் புதிதாக வருபவர்களிடம் அதிகம். பிடிமானமும் பாரமும் சரியாகாமல் சக்தியைக் கூட்டினால் இன்னும் வேகமாகக் குழி தோண்டும், அவ்வளவுதான்.

இனி பாரத்துக்கு வருவோம், இந்தக் கட்டுரையின் மையமே இதுதான். ஓட்டுநரையும் சேர்த்து வண்டி 1000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். முன்சக்கரத்தில் 200, பின்சக்கரத்தில் 800. முன், பின் அச்சுகளுக்கு நடுவே 42 அங்குலம். சங்கிலி மாட்டும் ஹிட்ச் தரையிலிருந்து 13 அங்குல உயரத்தில் இருக்கிறது, இது பல சாதாரணப் பிரிவுகளில் அனுமதிக்கிற உச்ச உயரம். இப்போது ஸ்லெட் 600 பவுண்டு விசையோடு பின்னால் இழுக்கிறது. அந்த விசை தரையில் இல்லாமல் 13 அங்குலம் மேலே இருப்பதால் வண்டியைப் பின்பக்கம் புரட்டப் பார்க்கும். 600 × 13 ÷ 42, ஏறத்தாழ 186 பவுண்டு முன்சக்கரத்திலிருந்து கழன்று பின்சக்கரத்துக்குப் போகும். முன்னால் மிச்சம் 14 பவுண்டு, பின்னால் 986. அதாவது கிட்டத்தட்ட மொத்த எடையும் இழுக்கிற டயரின் மேல். இதைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள்: முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் மிதந்து போகும் நிலை.

அதே வண்டியில் ஹிட்ச்சை 10 அங்குலத்துக்கு இறக்கினால் 143 பவுண்டுதான் இடம் மாறும், பின்சக்கரத்துக்கு 943 கிடைக்கும். முன்னால் 57 பவுண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். அதனால்தான் விதி அனுமதிக்கிற உயரத்துக்கு அரைக்கால் அங்குலம் கீழே வரை ஹிட்ச்சை ஏற்றி வைப்பார்கள். ஆனால் மறுபக்கமும் உண்டு. 13 அங்குலத்தில் இழுவிசை 646 பவுண்டைத் தொட்டதும் முன்னால் பூஜ்யம், அதற்கு மேல் வண்டி வானத்தைப் பார்க்கும். முன்சக்கரம் ஓரடி தூக்கிவிட்டால் வண்டியைத் திருப்பவும் முடியாது, இழுவிசையும் கூடாது, ஏனென்றால் பின்சக்கரத்துக்குப் போக வேண்டிய எடை எல்லாம் ஏற்கெனவே போய்விட்டது.

சரி, முன்னால் எடை போடுவோம். எங்கே போடுவது? பின் அச்சுக்கு நேர் மேலே இருந்த 50 பவுண்டுத் தகட்டைக் கழற்றி, முன் அச்சுக்கு 21 அங்குலம் முன்னால் ஒரு தாங்கியில் தொங்கவிடுங்கள். நெம்புகோல் கணக்கில் அந்த 50 பவுண்டு முன்சக்கரத்தில் 75 ஆக விழும், பின்னால் 75 குறையும். இப்போது 275-725. பார்க்கும்போது இழுக்கிற டயரிலிருந்து எடையைப் பறித்தது போலத் தெரியும், ஆனால் முன்சக்கரம் மிதக்கும் நிலைக்கு வரும்போது 1000 பவுண்டும் எப்படியும் பின்னால்தான் இருக்கும். மாறுவது என்னவென்றால், முன்பு 646 பவுண்டில் தூக்கிய வண்டி இனி 888 வரை தூக்காது. உங்கள் டயரும் அந்த மண்ணும் சேர்ந்து 850 பவுண்டு பிடிமானம் தரும் என்றால் இப்போது அதை முழுதாகப் பயன்படுத்தலாம். பிடிமானமே 600தான் என்றால் இந்த மாற்றம் உங்களுக்கு எதிராக வேலை செய்யும், முன்பாரம் வீணாகக் கிடக்கும். ஆகவே எடையை எங்கே வைப்பது என்பதற்கு நிரந்தரமான விடை இல்லை, அன்றைய தடம்தான் சொல்லும். ஈரப்பதம் உள்ள இறுகிய களிமண் தடத்தில் முன்னால் கூட்ட வேண்டும், தூசி பறக்கும் தளர்ந்த தடத்தில் பின்னுக்கு நகர்த்த வேண்டும். உடற்பயிற்சிக்கூடத்து இரும்புத் தட்டுகளையே பலர் எடையாக மாட்டியிருப்பார்கள். எதை மாட்டினாலும் போல்ட் போட்டு இறுக்குங்கள், ஓட்டத்தின் நடுவில் எடை கழன்று விழுந்தால் அந்த இழுவை செல்லாது, பக்கத்தில் நிற்பவர் காலுக்கும் ஆபத்து.

பாதுகாப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை முடிக்காமல் தடத்துக்குள் விடவே மாட்டார்கள், விடவும் கூடாது. பின்னால் வண்டி கவிழாமல் தாங்கும் இரண்டு கம்பிகள் வேண்டும், வீலி பார் என்பார்கள். அது அழகுக்கு வைப்பதல்ல: அந்தக் கம்பிகளின் அடியில் ஜாக்கி வைத்து, ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் முழு வண்டியையும் தூக்கினால் வளையாமல் நிற்க வேண்டும். அடுத்தது எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச். வண்டியின் பின்பக்கம் ஒரு வளையத்தோடு இருக்கும், அதை ஸ்லெட்டோடு ஒரு கயிற்றால் இணைத்துவிடுவார்கள். சங்கிலி அறுந்து வண்டி தனியே பாய்ந்தால் வளையம் பிடுங்கிக்கொண்டு எஞ்சின் அணையும். 122-இல் பேட்டரியிலிருந்து காயிலுக்கு மின்சாரம் போவதால் அந்த இணைப்பைத் துண்டிக்கும் வகை ஸ்விட்ச் போட வேண்டும். பேட்டரி இல்லாமல் தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ உள்ள எஞ்சின் என்றால் இணைப்பை எர்த் செய்யும் வகை. இரண்டையும் மாற்றிப் போட்டால் ஸ்விட்ச் இருந்தும் இல்லாததற்குச் சமம், வீட்டிலேயே எஞ்சினை ஓடவிட்டு வளையத்தை இழுத்துப் பாருங்கள். தலைக்கவசமும் தீயணைப்பானும் சொல்லாமலே வாங்கி வைக்க வேண்டியவை.

கிளட்சும் தண்டும். புல் வெட்டும்போது கிளட்சுக்கு வேலை குறைவு, ஸ்லெட்டில் மாட்டினால் முழு விசையும் அந்த ஒரு தட்டு வழியாகத்தான் போக வேண்டும். ஐம்பது ஆண்டுப் பழைய ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், தட்டு வழுக்கும், எஞ்சின் இரையும் ஆனால் வண்டி நகராது. புதுத் தட்டும் கொஞ்சம் கடினமான ஸ்பிரிங்கும் போட்டால் தீர்ந்தது. ரொம்பக் கடினமான ஸ்பிரிங் போட்டால் பெடலை மிதிக்கவும் சிரமம், கிளட்சை விடுவிக்கும் த்ரோஅவுட் பேரிங்கும் சீக்கிரம் போகும். தண்டின் இரு முனைகளிலும் உள்ள சின்ன பின்களை மறக்காதீர்கள். என் முதல் போட்டியில் வண்டி இருபதடிகூடப் போகவில்லை, கியர்பாக்ஸ் பக்கத்து இணைப்பில் பழைய பின் இரண்டாக வெட்டுப்பட்டு நின்றது. துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புதுப் பின் போட்டும் பயனில்லை, இணைப்பையே மாற்ற வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்துப் பார்த்தால் பாலேடு போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். கழுவிவிட்டு ஹை-டிரான் என்ற கியர்பாக்ஸ் எண்ணெய் ஊற்றுங்கள்.

டயருக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம். புல்தரை டயர் உதவாது, வயல் டிராக்டர் போல குறுக்குக் கட்டைகள் உள்ள டயர் வேண்டும். பலர் போடுவது 12 அங்குல ரிம்மில் 23 அங்குல உயர டயர் அல்லது 26 அங்குல உயர டயர். 26-க்குப் போனால் அதே எஞ்சின் வேகத்தில் வண்டி 13 சதவீதம் வேகமாக ஓடும், தரையில் படும் பரப்பும் கூடும், ஆனால் எஞ்சினுக்குச் சுமையும் அதே அளவு கூடும். 12 குதிரைத்திறனும் முதல் கியரும் இருந்தால் தாங்கும். கட்டைகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் சூடான கத்தியால் சீவிக் கூர்மையாக்குவார்கள், உங்கள் பிரிவில் அதற்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காற்றழுத்தம் குறைவாக வேண்டும், 8 பிஎஸ்ஐ அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பாருங்கள். பக்கச் சுவரில் லேசான சுருக்கம் விழ வேண்டும், நடுக்கட்டைகள் தரையைவிட்டு எழும்பக் கூடாது. ரொம்ப இறக்கினால் ரிம் மட்டும் சுற்றி டயர் அப்படியே நிற்கும். டயரிலும் ரிம்மிலும் ஒரே நேராகச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, இழுவை முடிந்ததும் கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, காற்றழுத்தத்தைவிட முக்கியம் இரண்டு டயரின் சுற்றளவும் ஒன்றாக இருப்பது. ஒரு தையல் டேப்பால் சுற்றி அளந்து, காற்றைக் கூட்டிக் குறைத்துச் சமன் செய்யுங்கள், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். ஹிட்ச் உயரத்தை இதற்குப் பிறகுதான் அளக்க வேண்டும், காற்று இறங்கினால் ஹிட்ச்சும் இறங்கும் அல்லவா.

இப்போது எஞ்சின். கே301-இன் உள்விட்டம் 3.375 அங்குலம், ஸ்ட்ரோக் 3.25 அங்குலம், கொள்ளளவு 29 கன அங்குலத்துக்குச் சற்று மேல், நம் கணக்கில் 476 சிசி. ஒற்றை சிலிண்டர், பக்கவாட்டு வால்வு, வார்ப்பிரும்பு உடல். முதல் ஆண்டு இதில் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. வால்வுகளை அரைத்து உட்கார வைத்து, குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.008 முதல் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.017 முதல் 0.020 அங்குலம் இடைவெளி விடுங்கள். தீப்பொறிக்கான பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், தீப்பொறி டைமிங் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 20 டிகிரி முன்னால், அதற்கு எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் ‘எஸ்’ என்ற குறி இருக்கும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். இந்த வரிசையில் சில எஞ்சின்களில் அதிர்வைக் குறைக்க பேலன்ஸ் கியர்கள் வைத்திருப்பார்கள், அவை உள்ளே உடைந்தால் எஞ்சின் உடலையே பிளந்துவிடும், அதனால் இழுவைக்காரர்கள் திறந்த கையோடு அவற்றைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். எண்ணெய் அளவைத் தினமும் பாருங்கள். இதில் பம்ப் கிடையாது, கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சின்னக் கரண்டி எண்ணெயை அடித்துத் தெளிக்கிறது. வண்டியின் முகம் தூக்கினால் எண்ணெய் பின்பக்கம் ஒதுங்கும், அளவு குறைவாக இருந்தால் கரண்டிக்கு எட்டாது.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடும்படி அமைத்தது, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அதற்குத்தான் இருக்கிறது. கவர்னரைக் கழற்றிவிட்டு 5400 வரை ஓட்டினால் வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனால் ஃப்ளைவீலைப் பிய்க்கப் பார்க்கும் விசை இரண்டேகால் மடங்கு ஆகும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கமாக ஏறும். பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் வெடித்தால் மேலே உள்ள தகட்டு மூடி காகிதம் போலக் கிழியும், துண்டுகள் ஓட்டுநரின் காலுக்கும் முகத்துக்கும்தான் வரும். அதிக வேகப் பிரிவுகளில் எஃகு ஃப்ளைவீலும் அதைச் சுற்றிக் கனமான கவசமும் கட்டாயம் என்று வைத்திருப்பது இதனால்தான். அந்தச் செலவுக்குத் தயாராகாதவரை கவர்னரைத் தொடாதீர்கள், தயவுசெய்து.

எந்தப் பிரிவில் இறங்குவது என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். ஓட்டுநரையும் சேர்த்த மொத்த எடை, எஞ்சின் மாற்றத்தின் அளவு, டயர் அளவு என்று ஒவ்வொரு சங்கமும் தன் விதிப்படி பிரிக்கும், அடுத்த ஊரில் அதே விதி இருக்காது. மாற்றம் செய்யாத எஞ்சினுக்கான பிரிவுதான் முதல் ஆண்டுக்கு ஏற்றது. சங்கத்தின் எடை மேடையில் ஏறி, உச்ச எடைக்கு ஐந்து பவுண்டு குறைவாக நின்றால் போதும்.

போட்டி நாளில் தடத்தில் சங்கிலி மாட்டியதும் மெல்ல முன்னால் நகர்ந்து தொய்வை எடுங்கள், வெட்டி இழுத்தால் கொடி காட்டி நிறுத்துவார்கள், தண்டில் உள்ள பின்களும் உடையும். பச்சைக் கொடி வந்ததும் த்ராட்டிலை முழுதாக வைத்து கிளட்சைச் சீராக விடுங்கள், பாதி கிளட்சில் வைத்திருக்க வேண்டாம். கண் முன்சக்கரத்தில் இருக்கட்டும். முடிந்ததும் வண்டியைக் கழற்றிவிட்டுத் தடத்தில் நடந்து போய் உங்கள் சுவட்டைப் பாருங்கள், இதைச் செய்கிறவர்கள் குறைவு, கற்றுக்கொள்வதோ இங்கேதான் அதிகம். கட்டைகளின் தடம் தெளிவாகப் பதிந்து, கடைசியில் எஞ்சின் திணறி நின்றிருந்தால் அடுத்த முறை ஒரு கியர் கீழே. சுவடு பாதியிலேயே வழவழப்பாகி முடிவில் இரண்டு குழிகள் இருந்தால் பிடிமானம் போதவில்லை, காற்றைக் குறையுங்கள் அல்லது பாரத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள். முன்சக்கரத்தின் கோடு தொடக்கத்திலேயே காணாமல் போயிருந்தால் முன்பாரம் கூட வேண்டும், அந்தக் கோடு கடைசிவரை ஆழமாக உழுதிருந்தால் முன்பாரம் அதிகம். தடத்தின் ஈரம், காற்றழுத்தம், எடைகள் இருந்த இடம், கியர், போன தூரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த இழுவைக்கு இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பத்து பவுண்டுத் தட்டு ஒன்றையோ ஒரு பிஎஸ்ஐ காற்றையோ. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.